செல்லோவுக்கு முன் ஒரு மூச்சு

"உனக்கு இந்த வாரம் லீவு என்னைக்கு?" என்று மாமா போனில் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைதான். ஏன் மாமா?"

"உன் காது வேணும்."

"எதுக்கு?"

"கொஞ்ச நேரத்துக்குத்தான். கீறல் விழாம திருப்பிக் குடுத்துடறேன்."

அவள் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. வேடிக்கை பேசும்போதும் அவருக்கு ஆஸ்பத்திரிக் குரல்தான்.

"ஆர்கெஸ்ட்ரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"எங்க வைப்பீங்க? நான் வந்து உக்காந்தாலே நீங்க எழுந்து நிக்க வேண்டியிருக்கு."

"கம்ப்யூட்டருக்குள்ள வைக்கிறது. அத்தனை பேரும் உள்ளயே இருப்பாங்க. ஒருத்தருக்கும் டீ போட வேண்டாம்."

"அம்மாகிட்ட சொல்லலாமா?"

"வேண்டாம். அக்காவுக்கு வாங்கினப்புறம் தெரிஞ்சாப் போதும். இப்பவே தெரிஞ்சா, வாங்கறதுக்கு முன்னாடியே அதுல ஓட்டை விழுந்துடும்."

போனை வைத்துவிட்டாரோ என்று அவள் நினைத்த நேரத்தில் கேட்டார்.

"உங்கம்மா அன்னைக்கு சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"எது மாமா?"

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை வா."

எது என்று அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி கேட்டதற்காகப் போனை வைத்த பிறகு கொஞ்சம் வருத்தப்பட்டாள். அம்மா அதைச் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். மாமா தான் எழுதிய இசையை முதல்முறையாகத் தன் அக்காவுக்குப் போட்டுக் காட்டிய நாள் அது. அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா ஆளில்லாத வீட்டுல ரேடியோ ஓடற மாதிரி இருக்கு" என்றாள்.

அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறவள். மாமா எதையும் மறக்கிறவர் இல்லை.

மாமா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அவர் வேலை செய்யும் இடம் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. ஈயத் தகடு பொதிந்த கனமான கதவு, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு, ஓர் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் நின்று மைக்கில் சொல்வார்: "மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க. விடுங்க." நாள் முழுவதும் இந்த நாலு வாக்கியம்தான். வருகிறவர்கள் சட்டையைக் கழற்றிப் பலகையில் நெஞ்சைப் பதித்து நிற்பார்கள். அவருக்குத் தெரிவது அவர்கள் முதுகு. முகத்தைப் பார்ப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார்.

ஒருமுறை, படம் எடுத்து முடித்த நேரத்தில் யாரோ கதவைத் தட்ட, "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டாராம். உள்ளே நின்ற பெரியவர் முகம் சிவந்து, கண் பிதுங்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சொந்தக்காரர்கள் கூடும் வீடுகளில் இந்தக் கதையை அம்மா கைகால் ஆட்டி நடித்துக் காட்டுவாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். "ஊர்ல இருக்கறவன் உள்ள எல்லாம் பாத்துடறான். இவன் உள்ள என்ன இருக்குன்னு மட்டும் எந்த மெஷினுக்கும் தெரியாது" என்று அம்மா முடிப்பாள்.

கல்யாணம் ஆனவர்தான். மாமிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது; போனாள். போனவள் திரும்பவில்லை, இவரும் கூப்பிடவில்லை. சண்டை நடந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதன் பிறகுதான், கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி, தன் மகள் தொடாமல் கிடக்கிறதென்று தள்ளிவிட்ட மியூசிக் கீபோர்டை வாங்கி வந்தார். மேசை கிடையாது. இஸ்திரி போடும் பலகைமேல் அதை வைத்தார். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டிய நாளில் கீபோர்டு கட்டிலுக்குப் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது கீபோர்டு பலகைமேல் இருந்தது. இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் துணிகள் கிடந்தன. அவற்றை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

வாங்கப்போகும் பொருளை விளக்கினார். நிஜ வாத்தியக்காரர்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வாத்தியத்திலும் ஒவ்வொரு சுரமாக, மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை என்று வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அதற்கு சாம்பிள் என்று பெயர். இங்கே கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், எங்கோ என்றோ ஒருவர் வாசித்த அந்த ஒரு சுரம் ஒலிக்கும். பெரிய கம்பெனிகள் விற்பதை வாங்க இவருடைய சம்பளம் காணாது. மலிவாகக் கிடைப்பவற்றை வடிகட்டி மூன்றில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்.

"நாலாவதா ஒண்ணு பாத்தேன். அதை வாங்கறது சுலபம். ஆனா அதைத் திறக்க இன்னொரு சாஃப்ட்வேர் வேணுமாம், அது இதைவிடப் பல மடங்கு விலை. யானை ஓசி, அங்குசத்துக்குத்தான் காசு."

"மிச்ச மூணு?"

"கண்ணை மூடிக்கோ. எது எதுன்னு சொல்ல மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நிழலுக்கு நிழல் ஒப்பிடுவது அவர் வழக்கம். அதையே இங்கேயும் செய்தார். தன் இசையில் ஒரே ஒரு சிறு பகுதியை எடுத்து, மூன்றிலும் மாறாமல் அப்படியே ஓடவிட்டார். ஹெட்போனை அவள் காதில் மாட்டும்போது மட்டும், குழந்தைக்குத் தொப்பி மாட்டுகிறவர் மாதிரி இரண்டு கையாலும் மாட்டினார்.

முதலாவதில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடம் தையல் மெஷின் மாதிரி கேட்டது. சொன்னாள். "அது இலவசம். ஒரு சுரத்துக்கு ஒரே பதிவு. அதையே திருப்பித் திருப்பிப் போடுது" என்றார்.

இரண்டாவது கம்பீரமாக இருந்தது. பெரிய மண்டபம், பட்டுத்துணி உரசுகிற மாதிரி வயலின்கள். "இதுதான் மாமா" என்று கண்ணைத் திறக்கப் போனாள்.

"திறக்காதே. அது மாச வாடகை. ஒரு மாசம் கட்டலன்னா எல்லாரும் வயலினைத் தூக்கிட்டு எழுந்து போயிடுவாங்க. விட்டுட்டுப் போறவங்க நமக்கு வேண்டாம்."

அவள் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். அவர் அடுத்ததை ஓடவிட்டார்.

மூன்றாவது கொஞ்சம் கரகரப்பு. கூடம் சின்னது போலிருந்தது. வயலின்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டாமல் நின்றன. பிறகு அவை அடங்கி, செல்லோ தனியாக வரும் இடம் வந்தது. வயலினுக்கு அண்ணன் மாதிரி, தரையில் ஊன்றி முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து வாசிக்கிற வாத்தியம் அது. அந்தச் சுரம் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்னால் அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

"யாரோ இருக்காங்க மாமா."

"எங்க?"

"உள்ள. வாசிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறாங்க."

கண்ணைத் திறந்தபோது மாமா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எனக்கு மட்டும்தான் கேக்குதோன்னு நினைச்சேன். நாள்பூரா மூச்சு கேக்கற காது பாரு, இல்லாதது கூட கேக்குமோன்னு ஒரு சந்தேகம். அந்த ஒரே சுரத்துலதான் வருது. அதுவும் மெதுவாத் தொட்டாத்தான் வரும், அழுத்தித் தொட்டா வராது. வாங்கினவங்க சில பேர் இதைக் குறைன்னு எழுதியிருக்காங்க."

"குறைதானே?"

"பிடிச்சு வைக்காத மூச்சும்மா அது. இழுத்து, அப்படியே வாசிப்புக்குள்ள விட்டுடறாங்க. நான் சொல்லி இழுத்ததில்ல."

அதையே வாங்கினார்.

பிறகு வந்த மாதங்களில் அவள் போகும்போதெல்லாம் கொஞ்சம் போட்டுக் காட்டுவார். அவள் வேலை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை மொழிபெயர்ப்பது. வேலை முடிகிற நேரத்தில் மாமா வீட்டுக்கு ஒரு பஸ் உண்டு. இசை வளர்ந்துகொண்டே போனது. எங்கே கிளம்பினாலும் அந்தச் சுரத்துக்கே வந்து சேர்ந்தது. வயலின்கள் மேலே ஏறிச் சுற்றிவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் மாதிரி, செல்லோவின் அந்த இடத்துக்கு இறங்கின. ஒவ்வொரு முறையும் முன்னால் அந்த மூச்சு. மாமா அந்த இடத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். எதிரில் இருப்பவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது நாம் பேச்சை நிறுத்துவோமே, அப்படி.

"திரும்பத் திரும்ப அங்கயே வருதே மாமா" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆள் இருக்கற வீட்டுக்குத்தானே வர முடியும்" என்றார்.

ஒருவழியாக முடித்தார். அக்காவுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். "கையில எதுவும் வாங்கிட்டு வராதே, காதை மட்டும் கொண்டுவா" என்றாராம். "என் தம்பிக்குத் திமிர் வந்துடுச்சு" என்று அம்மா வீடெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தம்பிக்குத் திமிர் வந்ததில் அவளுக்கு ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமாவிடமிருந்து போன். "அது போயிடுச்சும்மா" என்றார். எது என்று அவள் கேட்கவில்லை. நேராகப் பஸ் ஏறினாள்.

நடந்தது இதுதான். அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஆர்கெஸ்ட்ராவை அப்டேட் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது. மாமா சரி என்று அழுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் மெஷின் அப்படிக் கேட்டால் சரி கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் அன்றைக்கு ஒரு படமும் எடுக்க விடாது, வெளியே பெஞ்சில் நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ வருஷமாகப் படிக்காமலே சரி கொடுத்துப் பழகிய விரல். வீட்டிலும் கொடுத்துவிட்டது.

மாற்றங்களின் பட்டியலை அவள் திரையில் படித்தாள். எழுத்துப் பிழை திருத்தம், நிறம் மாற்றம், அப்புறம் ஒரு வரி. அதை இன்னொரு முறை படித்தாள்.

"தமிழ்ல சொல்லு" என்றார் மாமா. அவருக்கு அந்த ஆங்கிலம் புரியாததல்ல.

"செல்லோ பதிவுகளில் இருந்த தேவையற்ற சத்தங்கள் நீக்கப்பட்டன" என்று மருந்துத் தாளுக்கு எழுதுகிற தமிழிலேயே சொன்னாள்.

"தேவையற்ற" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அங்கேயே உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு எழுதினாள். பழையது கிடைக்குமா என்று கேட்டாள். மாமா பக்கத்தில் நின்று, "வாசிச்சது யாருன்னும் கேளு" என்றார். அதையும் எழுதினாள். மறுநாள் காலையிலேயே மரியாதையான பதில் வந்துவிட்டது. பழையதை அவர்கள் வைத்திருக்கவில்லை. வாசித்தவர்கள் மாணவர்கள், பலர் மாறி மாறி உட்கார்ந்தார்கள், யார் எந்தச் சுரம் என்று குறித்து வைக்கவில்லை. சத்தத்தைத் திரும்பக் கேட்டு எழுதியது இதுவரை நீங்கள் ஒருவர்தான் என்றும் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை; மத்தியானம் அந்தப் பதிலோடு போனாள். மாமா வாசித்துவிட்டுத் தலையாட்டினார். இசையை ஓடவிட்டார். ஒரு சுரம்கூடக் குறையவில்லை. வயலின்கள் ஏறின, சுற்றின, இறங்கின. செல்லோ சுத்தமாக, துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி வந்தது. அதற்கு முன் மாமா வழக்கம்போல் கையை மடியில் வைத்துக் காத்திருந்தார். அடுத்த அறையில் பிரிட்ஜ் உறுமியது மட்டும்தான் கேட்டது.

"அம்மாவை அடுத்த வாரம் வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அடுத்த வாரமும் இது இப்படித்தான் இருக்கும்."

இஸ்திரிப் பலகையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். ஒயர் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது.

"நேத்து ராத்திரி நானே மூச்சு இழுத்துப் பாத்தேன்" என்றார் மாமா. "அந்த இடத்துல வெச்சும் பாத்தேன்."

"எப்படி இருந்துது?"

"நான்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் எழுந்தார். இன்னொரு நாற்காலிமேல் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். நாற்காலியை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். ஒரு கால் ஆடியது. செய்தித்தாளை மடித்து அதன்கீழ் செருகினார். பிரிட்ஜைப் போய் அணைத்துவிட்டு வந்தார். அவளைப் பார்க்காமல், மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"இப்படி உக்காரும்மா. ஒண்ணும் வாசிக்க வேண்டாம். வாசிக்கப் போறவ மாதிரி ஒரே ஒரு மூச்சு இழு. பிடிச்சுக்காதே. நான் சொல்லுவேன்னு காத்திருக்காதே. உனக்கா எப்ப வருதோ, அப்ப விடு."