தார் பட்ட சடை

தப்புத் தப்பாத்தான் எழுதுவேன், பாதி மறந்தும் போச்சு, கோவிச்சுக்காதீங்க. பேரன் வாசல்ல பழைய பைபர் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். அந்த வாடை என்னைப் பாலாத்தங்கரைக்கு இழுத்துட்டுப் போச்சு.

வெள்ளம் வந்தா அப்பா தோல் பரிசல்ல ஆளுங்களை அக்கரை சேர்ப்பார். அன்னிக்கு அதைக் கவுத்துப் போட்டுத் தார் பூசியிருந்தார். என் தம்பியோட கண்ணாமூச்சி ஆடும்போது நான் அதுல சாஞ்சுட்டேன். சடை ஒட்டிக்கிச்சு.

"மண்ணெண்ணெ தேச்சிப் பாக்கலாங்க," என்றாள் அம்மா.

"இன்னாத்துக்கு? தாரோட முடி சேந்தா ஓட்டைய நல்லா அடைக்கும்."

அப்பா கத்திரியால அடியோட வெட்டினார். என் கண்ணு முன்னாடியே சடையைத் தையல் இடுக்குல வச்சு அழுத்தினார்.

"இந்தத் தலையோட பள்ளிக்கூடம் போவ மாட்டேம்பா."

"போவாத. பரிசல் கழுவ ஆள் வேணும்."

அதோட என் படிப்பு முடிஞ்சுது. நின்னது நாலாவதுலயா, அஞ்சாவதுலயா? தம்பிக்கு ஞாபகம் இருந்தா சரிபார்த்துச் சொல்லட்டும்.