மாமன் கண்

பொற்கொடியின் கண்ணுக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு மதிப்பு உண்டு. வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனியில் பதினாறு வருடமாகச் சோதனை மேசையில் நிற்கிறாள். அறுபது ஒயர் ஓடும் கட்டில் ஒரு பச்சையும் ஒரு பழுப்பும் இடம் மாறியிருந்தால், மெஷின் கத்துவதற்கு முன்பே அவள் கத்திவிடுவாள். எத்தனையோ சூப்பர்வைசர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் கண்ணோடு வாதாடி ஜெயித்தவர் ஒருவரும் இல்லை. வீட்டிலும் இதே கதைதான், அங்கேதான் வம்பே.

மகன் பிரகாஷ் பிறந்த நாளிலிருந்தே அவனைப் பங்கு பிரித்து வந்தாள். சுருட்டை முடி, கன்னக்குழி, கணக்கில் சூட்டிகை எல்லாம் தன் பிறந்த வீட்டு வழி. குறட்டை, பிடிவாதம், செருப்பை மூலைக்கொன்றாகக் கழற்றிப் போடுவது எல்லாம் புருஷன் நாராயணப்பன் வழி. டெம்போ ஓட்டும் அந்த நல்ல மனிதர், "மூக்கையாவது எனக்குக் குடுடி, அச்சு அசலா என்னுதாட்டமே இருக்குது" என்று கெஞ்சிப் பார்த்தார். அதுகூடக் கிடைக்கவில்லை. பையன் மூன்றாம் வகுப்பில் மாமரம் வரைந்து, இலைக்குப் பழுப்பும் தண்டுக்குப் பச்சையும் அடித்துக்கொண்டு வந்தபோதும் பழி அவர் தலையில்தான் விழுந்தது. "அப்பிடியே அப்பன். எதையும் உத்துப் பாத்தாத்தானே!"

பிறந்த வீட்டு வழி என்று வாய் நிறையச் சொல்வாளே தவிர, அந்த வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆள். சாமல்பட்டியில் இருக்கும் தம்பி அன்புமணி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கு இருந்த பிறந்த வீடே அவன்தான். அவனோடு அவள் பேசிப் பதினெட்டு வருடம் ஆகிறது.

எல்லாம் ஒரு புடவையால் வந்தது. பிரகாஷுக்குக் காது குத்தும் நாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தியாயிற்று, பிள்ளையும் அழுது ஓய்ந்தாயிற்று. சீர்த்தட்டைப் பிரித்தாள். மாவிலைப் பச்சையில் பட்டுப்புடவை வேண்டும் என்று மாதக்கணக்கில் சொல்லி வைத்திருந்தாள். தட்டில் இருந்தது காப்பித்தூள் நிறம். கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இதாடா பச்சை?"

"பச்சைதான்க்கா. குவியல்ல தேடித் தேடி நானே எடுத்தேன்."

"தள்ளுபடியில கெடச்சத எடுத்தாந்துட்டு பொய் வேற சொல்றியா?"

"பொய்யில்லக்கா. பச்சைதான்."

ஒரு முறை தப்பென்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பாள். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சாதித்தானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "பொய்யன்" என்று ஊர் கூடிய பந்தலில் சொல்லிவிட்டாள். அவன் சாப்பிடாமலே பஸ் ஏறினான். இவள் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. வருடங்கள் பாட்டுக்கு ஓடின.

இந்த வைகாசியில் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. அன்புமணி புது வீடு கட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. அழைப்பவர் வரிசையில் முதல் பெயராக அவள் பெயரையே அச்சடித்திருந்தான். நாராயணப்பன் பத்திரிகையை இரண்டு முறை சத்தம் போட்டுப் படித்துக் காட்டினார். "போய்ட்டு வந்துரலாம்டி. இப்பப் போவலைன்னா இனி எப்பவும் போவ மாட்ட."

"மொதல்ல அவன் பொய் சொன்னேன்னு ஒத்துக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டாளே ஒழிய, அந்தப் பத்திரிகையை டிவி மேல் வைப்பதும் எடுப்பதுமாக ஒரு வாரம் தவித்தாள். போக ஆசை இருந்தது. இறங்கிப் போகத்தான் மனசு வரவில்லை.

அந்த வாரம்தான் பிரகாஷ் அவளுடைய கம்பெனியிலேயே வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. டிப்ளமோ முடித்துவிட்டான், இன்டர்வியூவிலும் தேறிவிட்டான், மருத்துவச் சோதனை மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி கிளினிக்கிலிருந்து நர்ஸ் எஸ்லின் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேசை மேல் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகம் விரிந்திருந்தது. பிரகாஷ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"இதுல என்ன நம்பர் தெரியுதுக்கா?"

"எழுபத்தி நாலு. இத யாரு வேணும்னாலும் சொல்லிருவாங்களே."

"பிரகாஷுக்கு இதுல நம்பரே தெரியல. பச்சை, பழுப்பு, செவப்பு எல்லாம் கொழப்பிக்கறாப்ல."

பொற்கொடிக்குச் சுரீர் என்றது. "வெளையாடறியாடா? நல்லா உத்துப் பாரு! எல்லாம் அவங்கப்பா புத்தி எஸ்லினு, எதுலயும் கவனம் கெடையாது."

"கவனமா பாத்தாலும் தெரியாதுக்கா. அதோட, அவங்கப்பாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது உங்க வழி."

பொற்கொடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எஸ்லின் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினாள். "கலர் பாக்கறதுக்குப் பொம்பளைங்களுக்கு ரெண்டு ஒயர்னு வெச்சுக்கங்க. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு பழுதானாலும் பெரும்பாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும், நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆம்பளைங்களுக்கு அந்த ஒயர் ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் அம்மா குடுக்கறது. உங்க கிட்ட இருக்கற ரெண்டுல பழுதானது பிரகாஷுக்குப் போயிருச்சு. நல்லது போயிருந்தா உங்களாட்டமே பாத்திருப்பாப்ல."

"எனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே!"

"தெரியும். ஆனா உள்ள வெச்சிருப்பீங்க. உங்கம்மாவும் அப்பிடி வெச்சிருந்து உங்களுக்குக் குடுத்திருக்கலாம். உங்க கூடப் பொறந்தவங்க யாராச்சும் ஆம்பளை இருக்காங்களா? கலர் மாத்தி மாத்திச் சொல்றாப்ல?"

குவியல்ல தேடித் தேடி நானே எடுத்தேன் என்று ஒரு குரல் பொற்கொடியின் காதில் கேட்டது. இருபத்து நாலு வயதுப் பையனின் குரல். அவனுக்கு அது பச்சைதான். அவன் பொய் சொல்லவில்லை, கண்ணெதிரே இருந்ததை இருந்தபடிதான் சொன்னான். அவள் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள்.

பிரகாஷின் வேலை போகவில்லை. ஒயர் பிரிவுக்குப் பதில் மெஷின் பிரிவில் போட்டார்கள், அங்கே அளவுதான் முக்கியம், நிறம் இல்லை. அதைவிடப் பெரிய கொண்டாட்டம் நாராயணப்பனுக்குத்தான். தெலுங்கில் பாடிக்கொண்டே டெம்போவைக் கழுவினார். எதிர்வீடு, பக்கத்து வீடு, டீக்கடை என்று ஒன்று விடாமல் சொல்லி வந்தார். "இருபது வருசத்துல மொதத் தடவையா நான் குத்தவாளி இல்லீங்க!" வேறு நாளாயிருந்தால் பொற்கொடி அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று, "ஞாயித்துக்கிழமை வண்டிக்கு வாடகை ஒத்துக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை மூன்று பேரும் டெம்போவில் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரி தாண்டுகிற வரை பொற்கொடி பத்திரிகையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். உள்ளே விடாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எல்லார் முன்னாலும் பொய்யன் என்றவள், எல்லார் முன்னாலும்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற கூச்சம் வேறு.

சாமல்பட்டியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அன்புமணி ரசவாளியோடு வரிசையில் குனிந்து ஊற்றிக்கொண்டு வந்தான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது, கன்னக்குழி மட்டும் அப்படியே இருந்தது. நிமிர்ந்தவன் அவளைப் பார்த்துக் கரண்டியை வாளிக்குள் விட்டுவிட்டான்.

நாராயணப்பனின் அதிகப்பிரசங்கித்தனம் அங்கேயும் ஓயவில்லை. பந்தியில் இருந்த ஒருவர் தோளில் கிடந்த மஞ்சள் பழுப்புத் துண்டைக் காட்டி, "மாப்ள, இது என்ன கலர்?" என்றார். "பச்சை" என்றான் அன்புமணி. "பச்சை" என்றான் பிரகாஷ், அதே மூச்சில். துண்டுக்காரர் குழம்பிப்போய்த் தன் தோளைப் பார்த்துக்கொண்டார். பந்தியே சிரித்தது.

பொற்கொடி சிரிக்கவில்லை. பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. என் தம்பி அன்னிக்குப் பொய் சொல்லல. அவன் கண்ணுக்கு அது பச்சைதான். எம்பையனுக்கும் அப்பிடித்தான் தெரியுது. இது எங்க வழியில வர்றது, எனக்குள்ளயும் இருக்குது. தெரியாம அவனப் பொய்யன்னுட்டேன்." பிறகு அவனிடம் திரும்பினாள். "பதினெட்டு வருசம் எம்மேல எவ்வளவு கோவமா இருந்திருப்ப நீ."

அன்புமணி வாளியைக் கீழே வைத்தான். "கோவமா? உம்மேலயா? என்னக்கா பேசற. வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அக்கா கண்ணு தப்பாது, அக்கா பழுப்புன்னா அது பழுப்புதான்னு முடிவு பண்ணிட்டேன். எம்மேலதான் ஏதோ தப்புன்னு தெரிஞ்சுது, என்ன தப்புன்னுதான் தெரியல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னப் பாக்க வர்றதுன்னுதான் இருந்துட்டேன்."

அன்று அவள் அவனுடைய வார்த்தையை நம்பவில்லை. அவனோ தன் கண்ணைவிட அவள் கண்ணை நம்பியிருக்கிறான். பந்தியென்றும் பாராமல் தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.