தண்ணி பிளேனுக்கு வைத்த பொட்டு

பட்டறையிலிருந்து திரும்பி வந்த மகனின் பைக்குக்குப் போன சனிக்கிழமை பொட்டு வைக்கப் போனேன். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே, மழையில் வழுக்கி விழுந்த பைக் அது. மகனுக்கு மோவாயில் தையல், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் "அம்மா, பயப்படாத, எனக்கு ஒண்ணும் ஆகல" என்று அவன் போனில் பேச்சைத் தொடங்கிய விதம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இப்போதும் போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன்.

பெட்ரோல் டாங்குக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான் கட்டைவிரலால் சந்தனத்தை வைத்ததும் அவன் பதறினான்.

"ஏம்மா இப்படி அழுத்துற? பெயின்ட் இன்னும் சரியா காயலம்மா."

விரலை எடுத்துப் பார்த்தேன். கறுப்புப் பளபளப்பில் என் ரேகை பதிந்திருந்தது. அதை எங்கேயோ முன்பே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அன்று பார்த்தது என் ரேகை இல்லை, அம்மாவின் ரேகை.

அப்போது நாங்கள் அல்சூரில் இருந்தோம். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அண்ணன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அப்பா மரக்கடை ஒன்றில் காவல் வேலை பார்த்தார். அதற்கு முன்பு அவர் லாரி ஓட்டியவர். ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவசர லோடு வந்துவிட்டது. பூஜையைத் திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் லாரி கவிழ்ந்தது. அப்பா பிழைத்து வந்தார். அவருடைய இடது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் எதுவும் நகர்ந்ததில்லை. அப்பாவின் சைக்கிள், அம்மாவின் தையல் மிஷின், பக்கத்து வீட்டுக் குழந்தையின் நடைவண்டி வரைக்கும் அம்மா பொட்டு வைத்துவிடுவாள். ஒரு வருடம் அப்பாவின் ஊன்றுகோலுக்கும் வைத்தாள். அதையும் நடக்கிற சாமானாகவே அவள் கணக்கில் சேர்த்திருந்தாள்.

அண்ணன் பத்தாவது படித்த அந்த வருடம் அவன் பள்ளியில் ஒரு போட்டி அறிவித்தார்கள். மாணவர்கள் தங்கள் கையால் சின்ன விமானம் செய்ய வேண்டும். மற்ற வருடங்களில் மைதானத்தில் பறக்கவிடுவார்களாம். இந்த வருடம் அல்சூர் ஏரியில். விமானம் தண்ணீரிலிருந்து கிளம்ப வேண்டும், முறுக்கிய ரப்பரின் வேகத்திலேயே பறக்க வேண்டும். எவனுடையது அதிக தூரம் போகிறதோ அவனை நிஜமான சின்ன விமானத்தில் ஏற்றி, ஊருக்கு மேலே ஒரு சுற்று கூட்டிப்போவார்கள். இதைச் சொன்ன நாளிலிருந்து அண்ணன் சோற்றைப் பார்த்துச் சாப்பிடவில்லை. பால்சா என்று ஒரு மரம், நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும், அவ்வளவு லேசு. அதைப் பாதி பிளேடால் அறுத்து, எலும்பு எலும்பாக ஒட்டி, மேலே மெல்லிய காகிதம் போர்த்தினான். காகிதத்தின் மேல் தண்ணீரைத் தெளித்தான். கிழியப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது காய்ந்து தம்பட்டத் தோல் போல விறைத்திருந்தது.

சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் படகு மாதிரி இரண்டு மிதவைகள். முதலில் அவற்றைத் தெர்மோகோலில் செய்தான். வெள்ளை எனாமல் பெயின்டைத் தொட்டுத் தடவிய உடனே தெர்மோகோல் கொதிப்பதுபோலக் குழைந்து, ஓட்டை விழுந்து, பாதியாகச் சுருங்கிவிட்டது. அண்ணன் அழுதான். மீசை அரும்பிய பையன் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் மீதி இருந்த பால்சாவில் வேறு மிதவைகள் செதுக்க உட்கார்ந்தான். இடுக்குகளில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினான். எனக்குக் கொடுத்த வேலை பிடித்துக்கொண்டிருப்பது. பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பது அந்த வேலையின் இரண்டாவது பாதி.

பெயின்டும் எடைதான் என்பான். ஒரு கை அடித்து, அது காய்ந்து, தேய்த்து, மறுபடி மெல்லிசாக ஒரு கை. அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எதுவும் காயவில்லை. கடைசிக் கை ஆயுத பூஜை அன்று காலையில்தான் அடித்தான். போட்டி அடுத்த நாள். துணிக்கொடியில் நூலில் கட்டித் தொங்கவிட்ட விமானம், வெள்ளை வெளேரென்று, மெதுவாகத் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெருவில் ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டியாகிவிட்டது. அம்மா சைக்கிளையும் தையல் மிஷினையும் முடித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு கொடியருகில் வந்தாள்.

"அம்மா, இது வேணாம்" என்றான் அண்ணன்.

"ஏன், இது வண்டி இல்லியா?"

"பெயின்ட் ஈரமா இருக்கும்மா."

வாக்குவாதம் நீண்டது. அண்ணன் எடையைப் பற்றிச் சொன்னான். அம்மா கிருஷ்ணகிரியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்பா பஞ்சாயத்துக்கு வந்தார். எலுமிச்சம்பழம் மட்டும் வைத்துக்கொள்ளட்டும், பொட்டு வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்தது.

"அதுக்குச் சக்கரமே இல்லையே, எங்கடி வெப்ப?"

"ரெண்டு செருப்பு போட்டுனு நிக்குதில்ல, அதுக்கு அடியில."

விமானத்தை இறக்கி, இரண்டு மிதவைகளின் கீழும் பழத்தை வைத்தாள். முன்னால் தள்ளச் சொன்னாள். எடையே இல்லாத அந்த விமானம் பழத்தை நசுக்குவதற்குப் பதிலாக அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுபடி தள்ளினால் பழம் உருண்டது, விமானமும் கூடவே போனது. நான் சிரித்துவிட்டேன். அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அப்பா பழங்களை வெளியே எடுத்து, தன் கெட்ட காலாலேயே இரண்டையும் மிதித்து நசுக்கினார்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அம்மா வைத்துவிட்டாள். மூக்கில் ஒன்று, வால் பக்கம் ஒன்று. இடது இறக்கையின் நுனியில் வைத்தபோது மட்டும் ஏனோ அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். கட்டைவிரலால் அழுத்தி, குனிந்து, அதன் காதில் சொல்வதுபோலச் சொன்னாள்:

"போய்ட்டு வா."

"பிளேன்கிட்ட எல்லாம் பேசாதம்மா" என்று அண்ணன் கத்தினான். சந்தனம் ஈரப் பெயின்டில் ஊறி ஒட்டிக்கொண்டது. குங்குமம் வெள்ளையில் கசிந்து ரோஜா நிறமாகப் படர்ந்தது. சுரண்டினால் அடியில் இருக்கும் காகிதம் கிழியும். இடது இறக்கை விரல் பட்ட இடத்தில் கொஞ்சம் குழிந்தும் இருந்தது. வலது இறக்கையில் துளி மெழுகை ஒட்டிச் சமன் செய்யப் பார்த்தான். அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை. அவள் கொடுத்த பொரியையும் தொடவில்லை.

மறுநாள் நாங்கள் எல்லோரும் ஏரிக்குப் போனோம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பையன்கள் அண்ணனின் விமானத்தைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஏன் மச்சா, உன் பிளேனுக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தமா?" என்றான் ஒருவன். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ரப்பரை முறுக்கினான்.

முதலில் விட்டவர்களில் பாதிப் பேருடைய விமானங்கள் தண்ணீரை விட்டு எழவே இல்லை. எழுந்த ஒன்று நேராக, மிக அழகாக, ஏரியின் நடுப்பக்கம் பறந்து போய் ஆகாயத்தாமரைக்குள் இறங்கியது. கரையில் ஒரே கைத்தட்டல். படகுக்காரர் போய் எடுத்து வருவதற்குள் அதன் காகிதமெல்லாம் ஊறிப் பிரிந்துவிட்டது. அந்தப் பையன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தூரத்தில் அவனை முந்த வேண்டும், அவ்வளவுதான் அண்ணனுக்கு மீதி இருந்தது.

அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று விமானத்தை விட்டான். அது தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு ஓடியது, குதித்தது, மறுபடி குதித்தது, பிறகு எழுந்தது. எழுந்தே விட்டது. தென்னை உயரத்துக்குப் போயிருக்கும். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த நேரத்தில்தான் அது இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, ஏரியின் மேல் பெரிய வட்டம் போட்டு, கரையைப் பார்த்து வரத் தொடங்கியது. அண்ணன் கையை ஆட்டி அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அதற்கு வழி காட்டினான். அது கேட்கவில்லை. அவன் விட்ட இடத்திலேயே, கைக்கு எட்டும் தொலைவில் மெல்ல இறங்கி, மிதந்து நின்றது. எங்கும் கிழியவில்லை. மூக்கில் பொட்டு அப்படியே இருந்தது.

தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. மாஸ்டர் அண்ணனின் தோளைத் தட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். ஆகாயத்தாமரைக்குள் விமானத்தை விட்ட பையன்தான் ஊருக்கு மேலே சுற்றி வந்தான்.

அம்மா மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். "திரும்பி வந்துச்சு பாத்தியா" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"திரும்பி வர்றதுக்கா செஞ்சேன்?" என்று கேட்டுவிட்டு அண்ணன் எங்களை விட்டு முன்னால் நடந்தான்.

இப்போது அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். வருடத்துக்கு ஒரு முறை நிஜமான விமானத்தில் வருகிறான். அவனிடம் நான் இதைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்கு நினைவிருப்பது அன்று வீட்டுக்குத் திரும்பிய வழிதான். அம்மா விமானத்தை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். அந்தப் பட்டுப்புடவையின் முந்தானையாலேயே மிதவைகளில் இருந்த தண்ணீரை அடிக்கடி துடைத்தாள். தெருவில் பார்ப்பவர்கள் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நடந்தபடி அவளுக்குப் போட்டியின் விதியை விளக்கினேன். தூரமாகப் போவதுதான் ஜெயிக்கும், திரும்பி வந்தால் தோல்வி என்று சொன்னேன்.

"அப்படியா" என்றாள் அம்மா, அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல. கேட்டுவிட்டு, மறுபடியும் சிரித்தாள்.

பாவம், அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விதியை முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினேன்.