கலியனின் இரண்டாவது போன்

இரண்டாவது சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சேறு அள்ளுவது கலியனின் வேலை. பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். மாதம் பிறந்தால் அவருடைய கேட் பாஸில் மேஸ்திரி கருப்பசாமி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேலை இல்லை.

2015 மழையில் முழங்கால் வரை தண்ணீர். ரப்பர் பூட்ஸ் கொடுத்ததாக எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார் கருப்பசாமி. பூட்ஸ்தான் வரவில்லை. கலியனுக்கு விரல் இடுக்கெல்லாம் புண். வாய் திறந்தால் பாஸ் போய்விடும். ஆகவே குறிஞ்சிப்பாடிக்குப் போய், யாரோ ஒரு புண்ணியவான் பெயரில் இருந்த சிம்மோடு பழைய போன் ஒன்று வாங்கினார். போனில் முகம் தெரியாது என்றாலும், துண்டால் மீசையையும் சேர்த்து மூடிக்கொண்டு இன்ஜினியர் சண்முகசுந்தரத்தை அழைத்தார். பூட்ஸ் விஷயத்தைச் சொன்னார்.

"யாருப்பா பேசுறது?"

"பொதுஜனங்க சார்."

"பொதுஜனத்துக்கு பெல்ட்டுக்கு அடியில என்னப்பா வேலை?"

கலியன் போனை வைத்துவிட்டார். ஆனாலும் போலீசே வந்தாலும் தன்னைப் பிடிக்க முடியாது என்று பெருமை.

நம்பர் தெரிந்த ஒரே ஆள் மனைவி பொற்கொடி. அவசரத்துக்கென்று கொடுத்தது. இந்தப் பக்கம் யாரும் வெறும் பெயரில் நம்பரைப் பதிவதில்லை. ஒரே பெயரில் நாலு பேர். சுரங்கம், ஷிஃப்ட், பிளாக் எல்லாம் சேர்ந்தால்தான் ஆள் விளங்கும். பொற்கொடியும் ஒழுங்காகத்தான் பதிந்தாள். அழைப்பது யாரென்று காட்டும் செயலி ஒன்று அவள் போனில் இருந்தது. அவள் வைத்திருந்த பெயர்களையெல்லாம் அது வாங்கி, அதே செயலி வைத்திருந்த ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. இன்ஜினியரும் வைத்திருந்தார்.

மறுநாள் அவர் பெல்ட்டுக்கு இறங்கி வந்தார்.

"பூட்ஸ் எங்கய்யா?"

கருப்பசாமி சுற்றி நின்ற கால்களைப் பார்த்தார். "எவன் சார் போட்டுக் குடுத்தது? நம்பரைக் குடுங்க, இப்பவே அடிச்சுப் பாக்குறேன்."

அந்த போன் கலியனின் பையில் உயிரோடு இருந்தது. சத்தத்தையும் முழுதாக வைத்திருந்தார். பையைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

இன்ஜினியர் தன் போனைப் பார்த்தார். பிறகு கலியனை.

"அழிச்சிட்டேன்யா. சாயங்காலத்துக்குள்ள பூட்ஸ் வரணும்."

கருப்பசாமி ஓடியதும் இன்ஜினியர் தன் போனைக் கலியனிடம் காட்டினார். 'கலியன் மாமா ரகசியம் மைன்ஸ் டூ பெல்ட் பி ஷிஃப்ட்.'

"டோக்கன் நம்பர் மட்டுந்தாம்ப்பா விட்டுப்போச்சு."

வீட்டுக்கு வந்து கலியன் குதித்தார். "ரகசியம்னு சொல்லித்தானடி குடுத்தேன்?"

"ரகசியம்னுதான் போட்டுகினு இருக்கேன் மாமா, நல்லா பாரு."

அவர் சிம்மை எடுத்து அடுப்பில் போட்டார்.

ஒன்றாம் தேதி கருப்பசாமி பாஸில் கையெழுத்துப் போட்டார். "அது எவன்னு தெரிஞ்சா எனக்கு மட்டும் சொல்லு கலியா."

"நானும் அவனைத்தான் தேடிகினு இருக்கேன் மேஸ்திரி" என்றார் கலியன், புது பூட்ஸுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு.