எட்டு வயதுக் கையின் வளையல்

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த மலரையும் வாங்கிக்கொண்ட உங்கள் எல்லாருக்கும் மூத்த மகளின் வணக்கம்.

அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தடிகூட இல்லாத உருவம். நாற்காலியில் அமர்ந்தால் கால் தரைக்கு எட்டாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று எங்கள் வீட்டில் யார் சொன்னாலும், எல்லார் கண்ணும் அம்மா பக்கம்தான் போகும். நான் அதிகம் படித்தவள் இல்லை. நாலு பேர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். அப்படிக் கேட்டதில், நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பல் முளைத்த கையோடு வேலையும் முளைத்துவிட்டது என்பார். பதினேழு வயதில் அப்பாவைக் கைப்பிடித்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்கு வந்தார். அப்பாவுக்கு ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை. மஞ்சள் கயிற்றின் நிறம் மங்குவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். மூத்த தலைமுறை "ஜப்பான்காலம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்ளுமே, அந்தக் காலம்.

அம்மா அந்தக் காலத்தைப் பற்றி வாயைத் திறந்ததே பேத்தி மகள் பவித்ராவின் வளைகாப்பில்தான். அம்மா காலமாவதற்கு முந்தைய வருடம், சுங்கை வேயில் மண்டபம் பிடித்து நடந்தது. ஐந்து வகைச் சோறு, கோழி, ஆடு, கேக்கு, ஐஸ்கிரீம் என்று மேசை கொள்ளவில்லை. வளையல் போடும்போதுதான் சிக்கல் வந்தது. பவித்ராவின் கையில் வளையல் முட்டியைத் தாண்டவே இல்லை. சவர்க்காரம் தடவிப் பார்த்தார்கள், நெய் தடவிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "பெரிய சைஸே ஏறலையா? அடுத்த தடவை லோரி டயர்தான் வாங்கணும்லா," என்று சொல்ல, மண்டபமே சிரித்தது. பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கிவிட்டது.

அம்மா தன் நாற்காலியை அவள் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார். அந்தக் கொழுத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குடி அழுவுற? ஏறலைன்னா அது நல்லதுதான். எங்க காலத்துல, போட்டது நிக்கலைன்னு அழுதோம்."

அதற்குப் பிறகு அம்மா சொன்னதுதான் இது. அந்த ஜப்பான்காலத்தில் அவர் வயிற்றில் இருந்தது நான்.

எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. ஆண் பிள்ளை. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவாம். தாய்க்குப் பால் இல்லை. ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அதன்பின் நான் வயிற்றில் வந்தபோது அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. இதுவும் போகப்போகிற உயிர், இதற்கு எதற்குச் சாப்பாடு என்று தன் பங்கில் பாதியை அப்பாவின் தட்டில் தள்ளிவிடுவாராம். பங்கு என்ன பெரிய பங்கு? மரவள்ளிக்கிழங்கு, அதன் இலை, சிவப்புச் செம்பனை எண்ணெய். சுண்ணாம்பு கலந்த பங்கீட்டு அரிசி எப்போதாவது வந்தால் அன்றைக்குத் தீபாவளி. பசி ருசி அறியாது என்பார்கள். அம்மாவுக்குப் பசியே மரத்துப்போயிருந்தது. அப்பா மட்டும், "காத்தடிக்கிறப்ப வெளிய போகாதே, பங்சார் வரைக்கும் பறந்துடுவே," என்று கேலி செய்துகொண்டே, கிழங்கைத் திரும்ப அம்மா தட்டில் வைப்பாராம்.

வளைகாப்பு வேண்டாம் என்றுதான் அம்மா சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்கவில்லை. அவர் எங்களுக்கு இரத்த உறவு இல்லை. அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பெரியம்மா. ஐந்து வகைச் சோற்றுக்கு அரிசி ஏது? கிழங்கைத் துருவி, ஆவியில் வேகவைத்து, ஒன்றில் தேங்காய், ஒன்றில் புளி, ஒன்றில் மிளகாய், ஒன்றில் கருப்பட்டி என்று கலந்து நான்கு வகை செய்துவிட்டார்கள். ஐந்தாவதாக மட்டும் உண்மையான சோறு. துணிக்கடை பாய் வீட்டு அம்மா, கைக்குட்டையில் முடிந்து அனுப்பிய ஒரு பிடி அரிசி. அன்று வந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தச் சோற்றைப் பார்த்து, வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொன்னார்களாம். எல்லாமே அம்மா தட்டுக்கு வந்தது. ஒட்டிய வயிற்றோடு நின்று எப்படித்தான் அந்தப் பொய்யைச் சொன்னார்களோ.

வளையலுக்குக் கடை ஏது? இந்தியாவிலிருந்து கப்பல் நின்று வருடக் கணக்காகியிருந்தது. சுமங்கலிகள் கையிலிருந்து வளையலைக் கழற்றமாட்டார்கள். அன்று ஆளுக்கு ஒன்று கழற்றினார்கள். சிவப்பும் பச்சையுமாக அம்மாவின் இரண்டு கைகளிலும் அடுக்கினார்கள். குங்குமத் தட்டை எடுக்க அம்மா கையைத் தாழ்த்தினார். அவ்வளவுதான், அத்தனை வளையலும் கைவழியே வழுக்கி விழுந்தன. சிமெண்டுத் தரையில் பட்டு ஒன்று உடைந்தது.

பிள்ளைத்தாய்ச்சி கை வளையல், போட்ட நேரத்திலேயே உடைந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள்தான் எல்லாரும். பெரியம்மா மட்டும் குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "உடைஞ்சது கண்ணாடி. வேற ஒண்ணும் உடையல."

அப்போதுதான் பெரியம்மாவின் மகள் கமலா தன் கையை நீட்டினாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவள் கையில் இருந்தவை ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கியவை. வளர்கிற பிள்ளை என்று, நம் எல்லார் வீட்டிலும் செய்வதுபோல, பெரிய அளவாகப் பார்த்து வாங்கி, நழுவாமல் நூல் சுற்றிப் போட்டிருக்கிறார் பெரியம்மா. கை வளர வளர நூலை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. பிள்ளை வளரவே இல்லை. நூலும் அப்படியே இருந்தது.

"இதைப் போட்டுப் பாருங்க அக்கா. இது விழாது," என்றாளாம்.

செம்பனை எண்ணெய் தடவி ஏற்றினார்கள். நூலைக்கூடப் பிரிக்கவில்லை. சின்னப் பிள்ளையின் வளையல் நிறைமாதப் பெண்ணின் மணிக்கட்டில் அளவெடுத்தாற்போல் நின்றது. அம்மா கையைத் தாழ்த்திப் பார்த்தார். விழவில்லை. ஆட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது. வயிற்றுக்குள் நான் உதைத்தேனாம். இதை அம்மா சத்தியம் செய்து சொன்னார்.

வளையலா உயிரைக் காக்கும் என்று படித்த பிள்ளைகள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அம்மா தன் பங்கைத் தானே சாப்பிட்டார். கிழங்கின் நாரைக்கூட விடவில்லை. நான் பிறந்தேன். மெலிந்துதான் பிறந்தேன், ஆனால் தங்கிவிட்டேன். எனக்குப் பின் ஆறு பேர். பிள்ளை பெற்றதும் வளையலை மருத்துவச்சிக்குக் கொடுப்பது வழக்கம். அந்த அம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கமலாவின் கையில் போட்டுவிட்டுப் போனாராம்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அப்பா போனபின் அம்மா கிள்ளானில் பலகாரம் போட்டு எங்களை ஆளாக்கினார். வந்தவர் யாரும் அம்மா வீட்டில் சாப்பிடாமல் போனதில்லை. பின்னாளில் பேரன்கள் பங்சாரில் உட்கார்ந்து, உடம்புக்கு நல்லது என்று மரவள்ளிக்கிழங்கைத் தேடித் தின்பார்கள். "அது நம்மளக் காப்பாத்துச்சு, சரி. அதுக்காக இன்னும் எத்தனை நாளைக்குக் கும்பிடுறது?" என்பார் அம்மா. சொல்லிவிட்டு, அவர்கள் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தும் கொள்வார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில், பெயர் எழுதிய பட்டையை அம்மாவின் மணிக்கட்டில் கட்டினார்கள். எவ்வளவு இறுக்கியும் அது கழன்று விழுந்தது. தாதி, மலாய்க்காரப் பெண், பிள்ளைகள் வார்டுக்குப் போய் வாத்துப் படம் போட்ட ஒரு சின்னப் பட்டையை எடுத்து வந்தார். அது சரியாக நின்றது. அன்று பார்க்க வந்த கமலா அக்கா, எண்பதைத் தொட்டவர், அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, என் வளையல் இப்பவும் சேரும் போல."

அம்மா கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "கொண்டு வந்தியா?"

நாங்கள் கேட்ட, அம்மாவின் கடைசிப் பேச்சு அதுதான். ஏழு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கை அது. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைச் சுற்றி வளைத்துத் தொட்டபின்னும் இடம் மிச்சம் இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா நாங்கள் இத்தனை பேரும் வந்தோம் என்று இன்றும் எனக்கு நம்ப முடியவில்லை.

அம்மாவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும், அந்தத் தாதிக்கும், தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், வேலையை விட்டு ஓடிவந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசிப் பெயர் பவித்ராவின் மகளுடையது. அவள் மணிக்கட்டில் வளையல் போட இடமில்லை, அத்தனை மடிப்பு. அந்தப் பெயர்களுக்கெல்லாம் மேலே, உறவுமுறை எதுவும் போடாமல், ஒரு பெயரைத் தனியாக அச்சிடச் சொல்லியிருக்கிறேன். அச்சகத்தார் தவறு என்று நினைத்துவிட வேண்டாம். அது கமலா அக்காவின் பெயர்.