புளி போட்டு மினுக்கிய காசுகள்

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் சொன்னார்: “மாஸ்டர், உங்கடை கொண்டக்டர் அண்ணை விடிய மோசம் போயிட்டாராம்.” சாவுச் செய்தியைவிட ‘உங்கடை’ என்றது உறைத்தது. நானும் அவரும் கதைத்து நான்கு வருடங்கள்.

பரஞ்சோதி அண்ணை கொண்டக்டராக இருந்த பஸ்ஸில் சுன்னாகத்துக்குப் போய்வந்த உங்களுக்கு அவர் தந்த மிச்சக் காசு மட்டுமே தெரியும். வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்ததும் அதே ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயக் குற்றிகள்தான். ஆனால் ஒருவர் கையும் படாதவை. சில்லறையைப் போய்ச் சேர்க்கிறாரே என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

“எல்லாற்றை மடியிலையும் கிடக்கிற காசு எண்டபடியால்தான் கீறல் இல்லாதது கிடைக்காது” என்றார். “தேய்ஞ்சால் கடையிலை குடுக்கத்தான் சரி.”

அன்று இன்னொன்றும் சொன்னார்: “நான் போனால் எங்கடை ஆக்கள் உதுகளைக் கழுவி மினுக்கப் பார்ப்பினம், கீறல் விழுந்திடும். நீர்தான் விடக்கூடாது.” நான் “ஓம்” என்றேன்.

பிறகு ஒருநாள் அவருடைய ஓர் ஐந்து ரூபாயை மேலும் கீழுமாக விரல்களால் அழுத்திப் பிடித்துவிட்டேன். சில மாதங்களில் என் பெருவிரல் ரேகை அதில் கறுத்துத் தெரிந்தது. வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே அதைச் சிறு உறையோடு என் முன் போட்டார். “படிச்ச மனிசன், காசை ஓரத்திலை பிடிக்கத் தெரியேல்லை. கொண்டுபோய் மிக்சர் வாங்கித் தின்னும்.” அதை எடுத்துக்கொண்டு வந்த நான் அதன்பின் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

செத்த வீட்டிலும் வாசல் படலையடியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். காசுகளைக் கழுவவேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனபோது அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம். உள்ளே அவருடைய காசுகள் முழுவதும் பசை பூசி, பூப்போல ஒட்டப்பட்டிருந்தன. எல்லாம் பளபளத்தன.

“மாமான்ரை காசுகள் மங்கிப்போய்க் கிடந்தது மாஸ்டர்” என்றான் மருமகன். “குத்துவிளக்கு மினுக்கேக்கை அதுகளையும் புளி போட்டுத் தேய்ச்சம். இப்ப கண்ணாடி மாதிரி, என்ன?”

குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மயிரிழைக் கீறல்கள். முப்பது வருடம் ஒரு மனிதன் மூச்சுக்கூடப் படாமல் காத்ததைத் தேங்காய்த் தும்பால் ஒரு காலைப்பொழுதில் உரஞ்சித் தீர்த்திருந்தார்கள். வந்தவர்கள் “வடிவாக் கிடக்கு” என்றார்கள். அன்போடு செய்தார்களாம். உயிரோடு இருந்தபோது அவரிடம் ஒருதரம் கேட்டிருந்தால் போதுமே. வாயைக் கட்டிக்கொண்டு நின்ற என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அங்கே சாப்பிடாமல் வந்துவிட்டேன். அலுமாரியைத் திறந்து, வீம்புக்காகச் செலவழிக்காமல் வைத்திருந்த அந்த ஐந்து ரூபாயைத் தேடி உறையைப் பிரித்தேன். என் ரேகை கறுத்த இடத்தைத் தவிர மற்றதெல்லாம் அச்சிலிருந்து விழுந்த அன்றுபோலவே இருந்தது. பரஞ்சோதி அண்ணையின் சேகரிப்பில் எஞ்சியிருப்பது அவர் கழித்துவிட்ட அந்த ஒன்றுதான். அதை ஓரத்தில் பிடித்தே எடுத்தேன்.