காகிதத்தில் குறைந்த ஐந்து வயது

டென்மார்க்கின் ஓகூஸ் துறைமுகக் கிடங்கில் பார்த்த வேலையை அன்றுதான் விட்டுவிட்டு மழையில் நடந்துகொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு தமிழ் அம்மா முழங்காலைத் தேய்த்தபடி இருந்தார். முதியோர் இல்லத்தில் சலவை வேலையாம். முகமெல்லாம் சுருக்கம், தலைமுடி மட்டும் கன்னங்கறுப்பு.

“அக்கா, பென்ஷன் எடுக்கேல்லையோ?”

“எனக்கு வயசு வந்திட்டுது தம்பி, காகிதத்துக்குத்தான் வரேல்லை. என்னை இஞ்சை அனுப்பின ஏஜென்சிக்காரன் ஐஞ்சு வயசு குறைச்சுப் பாஸ்போட் செய்தவன். அப்ப சந்தோசமாத்தான் இருந்தது. இப்ப அந்த ஐஞ்சு வருசத்தையும் இந்த முழங்காலோடை நிண்டு கழிக்கிறன். அதுக்கேத்த மாதிரித் தலைக்கும் டை அடிக்கவேண்டிக் கிடக்கு.”

“உண்மையைச் சொல்லலாமே?”

“எப்பிடியடா? ஒவ்வொரு வருசமும் அந்தப் பொய்ப் பிறந்தநாளுக்கெல்லோ வேலையிலை எல்லாருக்கும் கேக் குடுக்கிறன்!”

அவரே பெரிதாகச் சிரித்தார்.

மறுநாள் காலை அவர் வேலைசெய்யும் சலவை அறையிலேயே வேலை கேட்டுச் சேர்ந்தேன். அவருடைய ஈரத்துணிக் கூடைகளைத்தான் முதலில் தூக்கினேன்.